பன்னிரண்டு பச்சைப் பொட்டலங்கள்

ஊசிப்பாளையத்தில் இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று யாராவது உங்களிடம் சாதித்தால், அந்த ஆள் அந்த வருசம் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பொட்டலமாவது வாங்கியவர்கள், வாங்கின வாயாலேயே திட்டியவர்களும்கூட.

சந்தை கூடுகிற ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தறிப்பட்டறைகளில் ரிப்பேர் பார்க்கிற நவநீதன், துணி சுற்றிய இடது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் ‘ஐவர் கோட்டை’ ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்குள்ளே அவனுடைய வீரன் குற்றுயிராகக் கிடந்தபோது அவன் கட்சியின் ஹீலர் ஒரு பச்சைப் பொட்டலத்தைத் தூக்கி எறிய, பொட்டலம் பட்ட வீரன் அங்கே எழுந்து நின்றான், இங்கே நவநீதனின் விரல் காயமும் மூடிக்கொண்டது. துணியை அவிழ்த்துப் பார்த்தவன், "அட, ஆறிப்போச்சு" என்றான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லவேளை, செப்டிக் ஆகலை" என்றார். மறுநாள் அதே ஹீலரோடு ஆடிய ஒருவருக்குப் பல்வலி போனது, அதற்கு மறுநாள் இன்னொருவருக்கு இடுப்புப் பிடிப்பு விட்டது, அந்த வாரம் முடிவதற்குள் ஊருக்கே விசயம் விளங்கிவிட்டது. ஏன், எப்படி என்று கேட்டவர் சயின்ஸ் வாத்தியார் ஒருவர்தான். மூலம் சரியானதும் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கட்சிக்கு ஐந்து பேர். நான்கு பேர் சண்டை போடுவார்கள். ஐந்தாவது ஆள் கையில் ஆயுதம் எதுவும் இல்லாமல் பின்னால் நின்று, இடுப்புப் பையில் இருக்கும் பன்னிரண்டு பொட்டலங்களை யாருக்கு அடி பட்டதோ அவர் மேல் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்தான் ஹீலர், ஊசிப்பாளையத்து நாக்கில் ஈலரு. தனக்கென்று ஒன்றை எறிந்துகொள்ள அவருக்கு வழி கிடையாது. ஜெயித்தால் முன்னால் நின்றவன் சூரன், தோற்றால் ஈலரு தண்டம். கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு நடக்கிற அதே நியாயம்தான்.

அந்த ஈலரு ஆட்டத்தில் வைத்துக்கொண்ட பெயர் அருகம்புல். அருகம்புல் என்பது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுகுணா என்பது சுகுணாவுக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தெட்டு வயசு, வீட்டுக்காரர் அவிநாசியப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், ஒரே மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவதற்குப் பதிலாக ஆட ஆரம்பித்தவள், யாரையும் வெட்டிக் குத்த மனசு வராமல், பொட்டலம் எறிகிற வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விதி யாரை விட்டது?

ஊர் சும்மா இருக்குமா? கவுன்சிலரின் வீட்டுக்காரர் மயில்சாமி, வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி இதற்கும் முறை வைத்துவிட்டார். அவரவர் சீக்கு அவரவர் ரகசியம் என்பதால் யாரும் சொந்தப் பெயரில் வர வேண்டாம், ஒரு பட்டப்பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி டீக்கடைப் பால்கேனுக்குள் போட்டால் போதும், வாரத்துக்கு ஒரு தடவை முறை கட்டாயம் வரும் என்று ஏற்பாடு. அருகம்புல் ஆட்டத்தின் கதவைத் திறக்கும்போது முறைக்காரர்கள் நான்கு பேர் உள்ளே போகலாம். குரல் வெளியே தெரியக்கூடாது என்று ஆட்டத்தில் இருந்த வசதியைப் பயன்படுத்தி எல்லோரும் குரலை மாற்றிக்கொண்டார்கள். கரடிக் குரல், கிழவிக் குரல், அணில் குரல் என்று எத்தனையோ இருந்தன, ஊருக்கு ஏனோ அணில் குரல்தான் பிடித்துப்போனது. முறைப் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஐம்பது காப்பி எடுத்துக் கொடுத்தது யாரென்கிறீர்கள்? சுகுணாதான்.

"எழுத்துத் தெளிவா விழுகோணும் அம்மிணி, உயிர் சமாச்சாரம்" என்பார் மயில்சாமி.

"விழுமுங்கண்ணா" என்பாள் அவள்.

ஊசிப்பாளையத்து மரியாதையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே நாயைக்கூட "அக்கட்ட போங்க" என்றுதான் விரட்டுவார்கள். பால்காரரும் ‘ங்க’, பாக்கி கேட்க வந்தவரும் ‘ங்க’, அடிதடிக்குப் போகிறவர்கள்கூட ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டுவிட்டுத்தான் கையை ஓங்குவார்கள். அந்த ஊர்தான், முகமும் பெயரும் குரலும் இல்லாத இடத்துக்குள் நுழைந்ததும் இத்தனை தலைமுறையாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒட்டுக்காக் கொட்டியது. "டேய் ஈலரு, கையில என்ன கரையானா புடிச்சிருக்குது?" "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறயா?" "அவனுக்கு மூணு போட்டயே, எனக்கென்னடா ஒண்ணு, அவன் உனக்கு மாமனா மச்சானா?" இதெல்லாம் அச்சில் ஏற்றக்கூடியவை, ஏற்ற முடியாதவற்றை அணில் குரலில் கேட்டால் சிரிப்பு வரும் என்று நினைக்காதீர்கள், வராது. முதல் இரண்டு மாதத்தில் அருகம்புல்லுக்கு நன்றி என்று எழுதியவர் ஒரே ஒருவர்; அவரும் அடுத்த வாரம் வந்து, போன வாரம் போன வலி ஏன் திரும்பி வந்தது என்று கேட்டுக் காறித் துப்பினார்.

காதில் இயர்போனை வைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டவாறே சுகுணா ஆதார் அட்டைகளை மிஷினுக்குள் வைத்தாள். வருகிறவர்கள் எல்லோரும் நெம்ப மரியாதையாகத்தான் வந்தார்கள். "அக்கா, சாப்டாச்சுங்களா?" "அக்கா, ரெண்டு காப்பி குடுங்க." இவனா அவன்? நேற்று ‘உன்னைப் பெத்தாங்களா செஞ்சாங்களா’ என்று கேட்டது இந்த வாயா? ஒருவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்தாள். பொட்டலம் எறிந்து எறிந்தே வலது கட்டைவிரல் வீங்கித் தைலத் துணி சுற்றியிருந்ததைக் கண்டு "என்னாச்சுங்க்கா?" என்று கேட்டவர்களிடம் "ஸ்டேப்ளர் குத்திருச்சுங்" என்றாள். கேட்டவன் மேலும் சந்தேகம், கேட்காதவன் மேலும் சந்தேகம்.

ஊருக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்ததா என்றால், இல்லை, அதுதான் வேடிக்கை. சித்த வைத்தியர் மேல் இருந்தது, அவரிடம் போனே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் கிளார்க் மேல் இருந்தது, அவர் யாரிடமும் பேசமாட்டார் என்பதே சாட்சி. ஒரு நாள் மயில்சாமி பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று திடீரென்று "அருகம்புல்லு!" என்று கத்திவிட்டு யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார், பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பியது, சுகுணா ஒருத்திதான் திரும்பவில்லை, மிஷினில் பேப்பர் சிக்கியிருந்தது. கடைசியில் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: ஈலரு ஆம்பளைதான், பொம்பளையாக இருந்தால் இத்தனை பேச்சுக்கும் இந்நேரம் பதிலுக்கு நாலு விட்டிருப்பாள்.

அவள் பதில் பேசாமலும் ஆட்டத்தை விடாமலும் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவிநாசியப்பனின் கண்.

துவைக்கப் போட்ட சட்டைப்பையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று நாலாக மடித்துக் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆறு மாதமாக நரம்பு வாடுகிறதாம், மருந்துக்குக் கட்டுப்படாதாம். அவரோ வீட்டில் "கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேனில் இருபத்திரண்டு குழந்தைகள். ஒரு நாள் காலையில் பக்கத்துத் தெருச் சின்னானின் எருமையைத் தண்ணி லாரி என்று நினைத்து ஒதுங்கி ஹார்ன் அடித்ததை அவள் கண்ணாரப் பார்த்தாள். ஆவணி மாதம் பள்ளிக்கூட வேன் டிரைவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை. அதில் தவறினால் வேன் போய்விடும், தவறாமல் எப்படியோ தப்பித்துவிட்டாலோ, அந்த இருபத்திரண்டு பேரின் கதி என்ன?

வழி அவள் கையிலேயே இருந்தது. சின்ன வலிக்கு ஒரு பொட்டலம், சிறுநீரகக் கல்லுக்கு ஐந்து என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தாள்; வாடின நரம்புக்குப் பன்னிரண்டையும் ஒரே ஆட்டத்தில் ஒரே ஆளுக்குப் போட்டால் நடக்கும் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது. ஆனால் அவர் ஆட்டத்துக்கு வர வேண்டுமே.

"ஏனுங்க, ஊரே போகுது. நீங்களும் ஒரு சீட்டு எழுதிப் போட்டா என்னங்க?"

"எனக்கென்ன சீக்கு அம்மிணி? போனை நோண்டற வயசா எனக்கு?"

நான்தான் அருகம்புல் என்று சொல்லிவிட நாலைந்து தடவை வாய் எடுத்தாள். நல்ல மனுசன், கல்யாணமாகி இருபது வருசத்தில் ஒரு ‘சனியனே’ என்றுகூடச் சொன்னதில்லை, குழம்பில் உப்புக் கூடினால் மோரை ஊற்றிக்கொள்வார். ஆனாலும் அன்றைக்கு முழுக்கக் காதில் விழுந்த பேச்சு அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வேன் ஸ்டாண்டில் வாய்தவறி ஒருவரிடம் சொல்லிவிட்டால்? கடைக் கதவைப் பெயர்த்துவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். ஆடி பிறந்தது.

இந்த நேரத்தில்தான் முள்ளுவேலி விவகாரம். முள்ளுவேலி என்று ஒரு பட்டப்பெயர். முதல் இரண்டு முறை வந்தபோது வாயே திறக்காமல் ஓரமாக நின்ற தங்கமான ஆள். மூன்றாம் முறை சுகுணா நாலு பொட்டலம் போட்டாள், பாவம் அடக்கமான மனுசன், இன்னும் போடலாம் என்று ஐந்தாவதை எடுக்கும்போது, பரீட்சை விண்ணப்பத்துக்கு அன்றைக்கே கடைசி நாள் என்று ஒரு பெண் அழுதுகொண்டு கடைக்குள் ஓடி வந்தாள். சுகுணா மரியாதையாக "வர்றேன்" என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் வேறு எப்படிச் சொல்வாள்? விடைபெறுகிறவள் ‘போறேன்’ என்றா சொல்வாள்? நம் பக்கத்தில் போகிறவர்கள் எல்லோரும் ‘வர்றேன்’ என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்த முள்ளுவேலி அதை ‘இதோ வந்துவிட்டேன்’ என்று படித்தான். ஈலரு பின்னாலேயே வருகிறது என்ற தைரியத்தில் தன்னந்தனியாக எதிரிகள் நடுவில் பாய்ந்தான், திரும்பிப் பார்த்தான், யாரும் இல்லை.

அடுத்த வாரம் வாயைத் திறந்தான் பாருங்கள்! அதுவரை திட்டியவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றாகிவிட்டது. "வர்றேன்னு சொல்லி நடுத்தெருவுல உட்டுட்டுப் போனயேடா துரோகி. உன்ற கை அழுகோணும். உன்ற வாயில மண்ணு விழுகோணும். உன்னைக் கட்டுனவ தாலியறுத்துட்டுத் திரியோணும்." இதை அணில் குரலில் கேட்ட சுகுணா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த முள்ளுவேலிக்கு இனிமேல் ஒரு பொட்டலம் கிடையாது, செத்துக் கிடந்தாலும் கிடையாது என்று மிஷின் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். ஏழு வாரம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஏழு வாரமும் அவன் அடிபட்டு விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நிமிசம்தான் அந்த வாரத்திலேயே அவளுக்கு ருசியாக இருந்தது.

ஆள் யாரென்றும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள். அந்தச் சாபம் விழுந்த சாயங்காலம் நவநீதன் கடைக்கு வந்து ஏதோ காப்பி எடுத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்தபடி, "போறேங்க்கா" என்றான். போறேன்! எந்நேரமும் "வர்றேங்க்கா" என்று வாய் நிறையச் சொல்லுகிறவன் அன்றைக்கு மட்டும் போறேன் என்றால் என்ன அர்த்தம்? வர்றேன் என்ற வார்த்தைமேல் அவனுக்கு என்ன கோபம்? அகப்பட்டுக்கொண்டாயா என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவன் எது கொண்டுவந்தாலும் மை மங்கலாக வைத்து எடுத்துக் கொடுத்தாள், ரேஷன் கார்டில் அவன் அப்பா முகம் கரிப்பானையாக விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான், அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஆவணியில் கண் பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் இறப்புச் சான்றிதழ் ஒன்றை நீட்டினான். "மாமனுதுங்க்கா. பேங்க்குல கேக்கறாங்க, இதாவது கொஞ்சம் தெளிவாக் குடுங்க."

"எப்பங்கண்ணு?"

"ஏழு வாரம் ஆச்சுங்களே. அன்னிக்கே வந்து அவர் போட்டோவைப் பெருசு பண்ணிட்டுப் போனனே, நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

சாவுக் காரியத்துக்கு வந்தவன் எப்படி ‘வர்றேன்’ என்பான்? துக்கத்தோடு சம்பந்தப்பட்ட எந்த வாசலிலும் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போட்டோவைப் பார்க்காமல் அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள் புத்திகெட்டவள். நல்ல மையில் பத்துக் காப்பி எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்றாள். அவன் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது எதிரில் வந்த ஒவ்வொருவரும் கும்பிட்டார்கள், ஒவ்வொருவரையும் இவனா இவனா என்று அவள் உற்றுப் பார்த்தாள்.

அவிநாசியப்பன் சாப்பிட்டு எழுந்து, "வேனைக் கழுவிட்டு வந்தர்றேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்படித்தான், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிச் சந்தில் வேனை நிறுத்திக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே ஒரு மணி நேரம் கழுவுவார். சுகுணா சமையல்கட்டில் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் திறந்தாள். நான்கு பேர் நுழைந்தார்கள். நான்காவது முள்ளுவேலி.

வெயில் கொளுத்தியது. சந்தில் வேன் கண்ணாடி ஒன்று கிறீச்சென்று நகர்ந்து திறந்த சத்தம் கேட்டது. கோட்டை வாசலில் முள்ளுவேலிக்கு முதல் அடி விழுந்தது, அவள் வழக்கம்போல அசையாமல் நின்றாள்.

"டேய் கையத்த ஈலரு," என்று சந்திலிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது. ஒரு மூச்சு கழித்து அதே சொல், அதே இழுப்பு, அவள் காதுக்குள் அணில் குரலில் கேட்டது: டேய் கையத்த ஈலரு.

"ஏழு வாரமாச்சுடா பாவி," என்றது சந்து. ஏழு வாரமாச்சுடா பாவி, என்றது அணில்.

"செவ்வாக்கெழமை என்ற பொழப்பே போயிரும்டா, ஒண்ணே ஒண்ணு போடுடா, நாசமாப் போறவனே."

அணில் அதைத் திருப்பிச் சொல்லுவதற்குள் சுகுணா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். உன்னைக் கட்டினவள் தாலியறுத்துத் திரிய வேண்டும் என்றாரே, அந்தச் சாபத்தில் ஈலருவின் பெண்டாட்டியாக யாரை நினைத்துக்கொண்டார்? குழம்பில் உப்புக் கூடினால் மோர் ஊற்றிக்கொண்ட இருபது வருசமும் இந்தப் பேச்செல்லாம் எங்கே இருந்தது? எத்தனை உப்பு, எத்தனை மோர்? கண்ணு போகட்டும், என்றது அவள் மனசு. நிஜமாகவே அப்படித்தான் சொன்னது, ஒளிப்பதில் என்ன இருக்கிறது. ஏழு வாரமாக அவளே பக்கத்தில் நின்று அந்தக் கண்ணை வாடவிட்டிருக்கிறாள் என்பதும் அதே மூச்சில் உறைத்தது. திட்டினது யாரென்று தெரியாமல் திட்டியிருக்கிறார். மறுத்தது யாருக்கென்று தெரியாமல் மறுத்திருக்கிறாள்.

அங்கே முள்ளுவேலி விழுந்துவிட்டான், எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் எனக்கு எனக்கு என்று கத்தினார்கள். செவ்வாய்க்கிழமை, இருபத்திரண்டு குழந்தைகள், எருமை. சுகுணா வீங்கின கட்டைவிரலை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டையும் முள்ளுவேலி மேலேயே எறிந்தாள். மற்ற மூன்று பேரும் அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு செத்துப் போனார்கள். பன்னிரண்டாவது பட்டதும் சந்தில் சத்தம் நின்றது, காதுக்குள்ளும் நின்றது.

இயர்போனைப் பிடுங்கிவிட்டுப் போனைக் கையில் பிடித்தபடி பொடக்காலிக் கதவைத் திறந்தாள். அவிநாசியப்பன் வேனை விட்டு இறங்கி, தண்ணியே படாத வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் இருந்த சுண்ணாம்பு விளம்பரத்தைப் பள்ளிக்கூடப் பையனைப் போல எழுத்துக் கூட்டிப் படித்தார். கரண்டுக் கம்பத்தின் நம்பரைப் படித்தார். வேப்பங்கிளையில் எறும்பு ஊர்வதைப் பார்த்துச் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது.

"அம்மிணி, இங்க வா, இங்க வந்து பாரு!" என்று திரும்பியவர், வாசற்படியில் நின்றவளைப் பார்த்தார். பத்தடி தூரம். அவள் போனை நெஞ்சோடு சேர்த்து அவர் பக்கமாகப் பிடித்திருந்தாள். சிரிப்பு மாறாமலே அதில் இருந்த எழுத்தையும் அவர் படிக்க ஆரம்பித்தார்.

"அ... ரு... கம்..."

சிரிப்பு கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. வீங்கித் துணி சுற்றியிருந்த அவள் விரலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியுதுங்களா?" என்று கேட்டாள் சுகுணா.

அவர் காலி வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாந் தெரியுது."